ஃபைப்ரோமயால்ஜியா: தொட்டறிதலிலிருந்து கேட்டறிதலுக்கு

உடலெங்கும் பரவி மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, உறங்கி எழுந்தும் தீராத அயர்ச்சி, நினைவும் கவனமும் மங்குதல் ஆகியவை ஒருங்கே அமையும் ஃபைப்ரோமயால்ஜியா, இரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரே படத்திலோ பிடிபடாத நோய்; எனவே அதன் வரலாறு, மருத்துவம் எதைச் சான்றாக ஏற்றது என்பதன் வரலாறாகவே அமைந்துள்ளது.

1904இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், நார்த்திசுக்களின் அழற்சியே இவ்வகை வலிக்குக் காரணம் எனக் கருதி 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயரிட்டார். அதே ஆண்டில் ரால்ஃப் ஸ்டாக்மன், தசைகளில் தட்டுப்பட்ட முடிச்சுகளை அறுத்து ஆராய்ந்து அழற்சியைக் கண்டதாக அறிவித்தார். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. திசுவில் ஒன்றும் அகப்படாதபோது ஐயம் நோயாளியின் மனத்தின்மேல் விழுந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இத்தகைய வலியோடு வந்த படைவீரர் பலர் 'உளவழி வாதம்' உடையோராகவே வகைப்படுத்தப்பட்டனர்.

இத்தேக்கத்தை உடைத்தது, சற்றும் எதிர்பாராத வகையில், உறக்க ஆய்வு. 1975இல் டொரோன்டோவில் ஹார்வி மொல்டாஃப்ஸ்கி, ஹியூ ஸ்மைத் முதலியோர் நோயற்ற தன்னார்வலர் சிலரின் ஆழ்உறக்கத்தை மட்டும் ஒலியெழுப்பிக் குலைத்தபோது, அவர்களுக்கும் தசைவலியும் அழுத்தினால் நோகும் தன்மையும் தோன்றி, நல்லுறக்கம் மீண்டதும் மறைந்தன. தசையில் மட்டுமே காரணம் தேடிய வழக்கத்திற்கு இதைவிட வலுவான மறுப்பு அக்காலத்தில் எழவில்லை எனலாம். 1976இல் இன்றைய பெயர் முன்மொழியப்பட்டது. 1981இல் முகம்மது யூனுஸ் நோயாளிகளை நலமுள்ளோருடன் ஒப்பிட்டு நோயின் கூறுகளை வரையறுத்தார்.

1990இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி, உடலில் குறித்த 18 இடங்களை ஏறத்தாழ 4 கிலோ விசையில் அழுத்தும்போது குறைந்தது 11 இடங்களேனும் வலிக்கவேண்டும் என விதித்தது. ஆய்வுக்கு ஒழுங்கு தந்த இவ்விதி, அழுத்துபவரின் கைக்கேற்ப மாறியதுடன், அழுத்தத்திற்குப் பொதுவாகக் குறைவாகவே நோகும் ஆண்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. 2010இல் அதே கல்லூரி விரலைக் கைவிட்டு, வலியுள்ள இடங்கள், அயர்ச்சி, உறக்கம் பற்றி நோயாளி கூறுவதையே அளவுகோலாக்கியது. இரு விதிகளை வகுத்த குழுக்களுக்கும் தலைமை தாங்கியவர் ஃபிரெடரிக் வுல்ஃப் ஒருவரே என்பது குறிப்பிடத்தக்கது.

இம்மாற்றத்திற்கு முன்பே, 2002இல் ரிச்சர்டு கிரேஸ்லி, டேனியல் கிளாவ் முதலியோர், கட்டைவிரல் நகத்தில் மெல்லழுத்தம் தந்து மூளையைப் படமெடுத்து, நலமுள்ளோருக்கு ஏறத்தாழ இருமடங்கு அழுத்தத்தில் எழும் வலியுணர்வும் மூளைச் செயற்பாடும் நோயாளிக்கு மென்மையான அழுத்தத்திலேயே எழுவதைக் காட்டியிருந்தனர். நோயாளியின் சொல் மிகைக்கூற்றன்று என்பதற்கு அது துணைநின்றது.

மருத்துவமும் இவ்வழியே நகர்ந்தது. 2007இல் பிரிகேபலின் என்னும் நரம்புவலி மருந்தை அமெரிக்கா இந்நோய்க்கு ஏற்றது; பின்னர் ஐரோப்பிய மருந்து முகமை மறுத்தது. 2017இல் ஐரோப்பிய வாதநோயியல் கூட்டமைப்பு வலுவாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றையே. எனினும் நல்ல நாளில் அளவுமீறி உழைத்து மறுநாள் படுக்கையில் விழுவது இந்நோயின் இயல்பாதலால், சிறிதாகத் தொடங்கி மெல்லக் கூட்டுவதும் வேலைக்கிடையே ஓய்வைப் பங்கிடுவதும் இன்றியமையாதன.

2021இல் நோயாளிகளின் குருதியிலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதங்களைச் செலுத்தியபோது எலிகளும் வலிக்கூர்மை பெற்றன. அப்புரதங்கள் மூளையில் அன்றி முதுகுத்தண்டை ஒட்டிய நரம்புக் கணுக்களில் தென்பட்டதால், நோயின் இருப்பிடம் பற்றிய வினா மீண்டும் எழுந்துள்ளது.