நடுவில் அமராதவரின் செவி

மோட்டார் வண்டியிற் பாட்டுக் கேட்பவர் எவரும் நடுவில் அமர்வதில்லை. எம்மவர் பலர் பெருஞ்செலவில் புதிய ஒலிபெருக்கிகளைப் பூட்டிய பின்னரும், பாடகரின் குரல் முழங்கைக்கருகே கதவிலிருந்தே வருகின்றதெனக் குறைப்படுகின்றனர். அது பொருளின் குற்றமன்று, இடத்தின் குற்றம். இதன் வரலாறு நாம் வாழும் இப்பாரிஸ் நகரிலேயே தொடங்குகின்றது.

1881ஆம் ஆண்டு இங்கு நடைபெற்ற மின்சாரக் கண்காட்சியிலே கிளெமென் அடேர் என்னும் பொறியியலாளர், ஒபரா அரங்கின் மேடை விளிம்பில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்துக் கம்பிவழியே கண்காட்சி மண்டபத்துடன் இணைத்தார். இரு காதுகளிலும் இரு தொலைபேசிக் குழல்களை வைத்துக் கேட்டவர்கள், பாடகர் மேடையில் நடமாடுவதைக் காதாலேயே உணர்ந்தனர்.

அவ்வித்தையை முறையான விஞ்ஞானமாக்கியவர் இலண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்திற் பணியாற்றிய அலன் புளும்லைன். 1931 டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில், ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தில் இரு தடங்களைப் பதியும் வழியும் இருந்தது. இருதட இசைத்தட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்ததோ 1958இலேதான். புளும்லைன் அதைக் காணவில்லை. 1942 யூன் 7இல், ராடர் சோதனைக்குச் சென்ற ஹலிபக்ஸ் விமானம் வீழ்ந்து தமது 38ஆவது வயதில் மாண்டார். போர்க்கால இரகசியம் கருதி அம்மரணமும் அன்று மறைக்கப்பட்டது. இத்தகையோரைப் பாடநூல்கள் பேசாதது எமக்கு என்றும் மனக்குறையே.

இருதட ஒலியின் அடிப்படை ஒன்றே: கேட்பவர் இரு ஒலிபெருக்கிகளுக்கும் சமதூரத்தில் இருத்தல் வேண்டும். வீட்டில் அது இயலும். 1930இல் கல்வின் சகோதரர்கள் அமெரிக்காவில் மோட்டோரோலா வானொலியை வண்டியிற் பொருத்தியபோது ஒலிபெருக்கி ஒன்றே, ஆகவே சிக்கலில்லை. 1965இல் போர்ட் வண்டிகளுக்கு எட்டுத்தட நாடா வந்தபின் இருதட இசை வண்டிக்குள் நுழைந்தது, சிக்கலும் நுழைந்தது.

ஏன்? 1949இல் ஜேர்மனியரான ஹெல்முட் ஹாஸ் இதனை ஆராய்ந்து விளக்கினார். ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து மிகச் சிறு இடைவெளியில் வந்தால், முந்தி வந்த திசையையே செவி நம்பும். அருகிலுள்ள ஒலிபெருக்கி 60 சென்ரிமீற்றர் கிட்ட இருந்தால் அதன் ஒலி ஏறத்தாழ 2 மில்லி செக்கன் முந்தும். பாடகர் கதவுக்குள் குடியேற அதுவே போதும். ஒற்றைத் தடத்திற் பதிந்த எமது பழைய திரைப்பாடல்களில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். (இளையராஜா 'பிரியா' பாடல்களை இருதடத்திற் பதிந்தது 1978இல்.)

பின்பலகையில் ஒலிபெருக்கி வைப்போருக்குப் பாடகர் பிடரியில் நின்று பாடுவார். அவ்வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. முன்னே, கால்களுக்கு அப்பால் பக்கச்சுவரோடு வைத்துச் செவிநோக்கிச் சற்றுத் திருப்பினால் இருபுறத் தூர வேறுபாடு குறையும். கீச்சொலிக்கான சிறு ஒலிபெருக்கியும் அதனருகே இருப்பது நன்று. இன்றைய கருவிகள் அருகிலுள்ளதன் ஒலியைச் சற்றுத் தாமதிக்கவும் செய்யும். ஆனால் ஓட்டுநருக்குச் சரிசெய்தால் பக்கத்திலிருக்கும் மனைவிக்கு அது இன்னும் கெடும். இருவருக்கும் ஓரளவு நீதி செய்வது இடமாற்றமே. கதவை வெட்டுமுன், ஒருவரைக் கொண்டு ஒலிபெருக்கிகளை வெவ்வேறு இடங்களிற் பிடிக்கச் செய்து, இரு இருக்கைகளிலும் மாறி மாறி அமர்ந்து கேட்டுப் பாருங்கள்.