இரண்டு மண்கல், ஒரு மணை

எபிரெயப் பெண்களுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடும்படி எகிப்தின் அரசன் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளுக்குக் கட்டளையிடுவதை யாத்திராகமம் முதல் அதிகாரம் சொல்கிறது. பிரசவிக்கும் பெண் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாளோ அதைத் தமிழ் வேதாகமம் 'மணை' என்கிறது. எபிரெய மூலத்தில் அது 'ஒப்நாயிம்'. இரட்டைக் கற்கள் என்று பொருள்படும் சொல் இது. எரேமியாவின் புத்தகத்தில் இதே சொல் குயவனின் சக்கரத்தைக் குறிப்பதால், இங்கே எதைச் சொல்கிறது என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போனதில்லை.

2001இல் எகிப்தின் அபிடோஸில், பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் ஜோசப் வெக்னர் குழு ஒரு பழைய நகரத் தலைவரின் மாளிகையைத் தோண்டியபோது பிரசவிக்கும் பெண் குந்துவதற்கு வைக்கும் சுடாத மண்கற்களில் ஒன்று கிடைத்தது. வயது சுமார் 3,700 ஆண்டு. நீளம் 35 செ.மீ., அகலம் 17 செ.மீ. அதன் ஒரு முகத்தில் வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. பச்சைக் குழந்தையை ஏந்தி உட்கார்ந்திருக்கிறாள் தாய். எதிரே ஒருத்தி மண்டியிட்டிருக்கிறாள், முதுகுப்பக்கம் ஒருத்தி தாங்கி நிற்கிறாள். எகிப்தியர் இத்தகைய கல்லையே தெய்வமாக்கினார்கள்: பெண் தலை வைத்த செங்கல்தான் மெஸ்கெனெட்.

கல் எதற்கு? வெறும் தரையில் குந்தினால், வரும் தலையைத் தாங்க மருத்துவச்சியின் கைக்கு இடமிருக்காது. பாதத்துக்கு ஒரு கல் வைத்தால் அந்த இடம் கிடைத்துவிடும். குந்தும்போது இடுப்பெலும்பின் வாசல் சற்று விரிகிறது, வால் எலும்பு தடையின்றிப் பின்னே நகர்கிறது. மல்லாந்து படுத்தாலோ கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துகிறது. இத்தனையையும் பெயர் சொல்லாமலே அறிந்திருந்த அந்தப் பெண்களை நான் வணங்குகிறேன்.

கல் பிறகு நாற்காலி ஆனது. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் சொரானஸ், இருக்கையில் பிறை வடிவத் திறப்பு வேண்டும் என்று எழுதிவைத்தார். 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் மோரிசோ கட்டிலைப் பரிந்துரைத்தார். மெல்ல மெல்ல நாற்காலி ஒதுங்கி, மருத்துவரின் கைக்கு வசதியான படுக்கை ஊன்றிக்கொண்டது.

இன்றைய ஆய்வுகள் திரும்பிப் பார்க்கின்றன. முதுகில் மரப்பு ஊசி போடாத தாய்மார் நிமிர்ந்த நிலையில் பெற்றால், ஆயுதப் பிரசவமும் பிறப்பு வாசலை வெட்டித் தைப்பதும் ஓரளவு குறைகின்றன. ரத்தப்போக்கு மட்டும் சற்று கூடலாம், அதைக் கண்காணிக்க வேண்டும். எந்த நிலை என்பதைத் தாயே தேர்ந்துகொள்ள ஊக்குவியுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி. அவள் விரும்பும் ஒரு துணை கூடவே இருக்கட்டும் என்றும் அது சொல்கிறது.

அபிடோஸ் கல்லில் அந்தத் துணை தாயின் முதுகுப்பக்கம் நிற்கிறாள். நம் பிரசவ அறைகள் பலவற்றில் அவள் கதவுக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.