பில்லியன்

பில்லியன் என்பது இன்றைய ஆங்கில வழக்கில் நூறு கோடியைக் குறிக்கும் எண்ணுப்பெயர். 1-க்குப் பின் 9 சுழியங்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளில் இதே சொல்லுக்கு லட்சம் கோடி என்று பொருள். அங்கே சுழியங்கள் 12. இரண்டு பொருளுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. எனவே பழைய நூலிலோ பிறமொழி அறிக்கையிலோ இச்சொல்லைக் காண்பவர், அது எந்த நாட்டில், எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று பார்த்த பிறகே தொகையை எடுத்தாள வேண்டும்.

சொல் பிறந்தது பிரான்சில். இத்தாலிய மொழியில் 'பெரிய ஆயிரம்' என்ற பொருளில் தோன்றிய மில்லியன் அங்கே முன்பே வழங்கிவந்தது. 1475-இல் ஜெஹான் ஆடாம் என்பவர் அதனுடன் இரண்டைக் குறிக்கும் முன்னொட்டைச் சேர்த்தார். 1484-இல் நிக்கோலா ஷுக்கே தம் கணித நூலில் இம்முறையை விரித்து, இலக்கங்களை ஆறு ஆறாகப் பிரித்துப் பெயரிட்டார். மில்லியனை மில்லியனால் பெருக்கினால் பில்லியன், மீண்டும் பெருக்கினால் டிரில்லியன். முன்னொட்டைப் பார்த்தே சுழியங்களைக் கணக்கிடலாம் என்பதால், இரண்டு முறைகளில் இதுவே ஒழுங்கானது. ஆனால் அந்த நூல் 1880 வரை அச்சேறவில்லை.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் சிலர் இலக்கங்களை மூன்று மூன்றாகப் பிரிக்கத் தொடங்கினர். பில்லியன் ஆயிரம் மில்லியனாகச் சுருங்கியது. இச்சிறிய அளவை அமெரிக்கா ஏற்றது; பிரிட்டன் பழைய அளவிலேயே நின்றது. பிரான்ஸ் 1961-இல் சட்டப்படி பழைய அளவுக்குத் திரும்பியது. பிரிட்டனோ எதிர்த்திசையில் நகர்ந்தது. பில்லியனை அமைச்சர்கள் மில்லியன் மில்லியன் என்ற பொருளில் மட்டுமே வழங்கச் செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கோரப்பட்டபோது, 1974 டிசம்பரில் பிரதமர் ஹெரால்டு வில்சன் மறுத்துவிட்டார். உலகெங்கும் ஆயிரம் மில்லியன் என்ற பொருளே வழங்குவதால், வேறு பொருளில் ஆள்வது குழப்பம் தரும் என்பது அவர் விடை.

நூறு கோடிக்குப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மில்லியார்டு என்ற தனிச்சொல் உண்டு. ஸ்பானிய மொழி 'ஆயிரம் மில்லியன்' என்றே சொல்லிவந்தது. 1995-இல்தான் வெனிசுவேலா அதிபர் ரஃபேல் கால்தெராவின் பரிந்துரையின் பேரில் ஸ்பானிய மொழிக்கழகம் 'மில்லார்தோ'வை ஏற்றது. போர்த்துக்கீசிய மொழிக்குள்ளேயே பிளவு இருக்கிறது: போர்ச்சுகல் பெரிய அளவையும், பிரேசில் சிறிய அளவையும் கைக்கொள்கின்றன.

தமிழிலும் இரு வழக்குகள் உள்ளன. தமிழ்நாட்டு நாளிதழ்கள் அரசின் வரவு செலவை லட்சம், கோடியில் தருகின்றன. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் மில்லியன், பில்லியனில் தருகின்றன. இரண்டிலும் பில்லியன் சிறிய அளவையே குறிப்பதால், 5 பில்லியன் ரூபாயை 500 கோடி ரூபாய் என்று தயங்காமல் மாற்றி எழுதலாம்.