மங்களூர் ஓடு வந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தென்னிந்தியாவில் ஓட்டு வீடு என்றால் பெரும்பாலும் நாட்டு ஓட்டு வீடே. குயவர் திரிகையில் குழாயாக வனைந்து, நெடுக்கே இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்டெடுத்த அரைவட்ட ஓடுகளைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் அடுக்கிக் கூரை வேய்ந்தனர். ஓர் ஓடு மற்றொன்றோடு பிணைந்து நில்லாததால் காற்றிலும் குரங்குகளின் ஓட்டத்திலும் அவை நழுவின. ஆகவே மழைக்கு முன்பே கூரையைப் பிரித்து, உடைந்தவற்றை மாற்றி, மீண்டும் வேய்வது ஓயாத செலவாயிற்று. பல அடுக்குகளின் பாரத்தைத் தாங்க மரமும் மிகுதியாக வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றான பூட்டு ஓட்டை, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்தோனி சகோதரர்கள் 1841இல் உருவாக்கினர். ஓர் ஓட்டின் விளிம்பிலுள்ள வரம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் பொருந்தி நீரைத் தடுப்பதே அதன் நுட்பம். இந்தியாவில் கிறித்தவத்துக்கு மதம் மாறியதால் குலத்தொழிலையும் உறவையும் இழந்தவர்களுக்குப் பிழைப்பு தேடிய பாசல் மிஷன் என்ற கிறித்தவ மதப்பரப்பு அமைப்பு, நெசவை அடுத்து ஓட்டுத் தொழிலில் இறங்கியது. அதன் தொழில்நுட்பப் பணியாளரான ஜெர்மானியர் கெயோர்க் பிளெப்ஸ்ட், 1865இல் மங்களூரின் ஜெப்புவில் முதல் ஆலையை நிறுவினார். நேத்ராவதி, குருபுரா ஆறுகள் சேர்த்து வைத்த வண்டல் களிமண் அச்சில் எளிதில் படிந்தது. அதிலிருந்த இரும்புச் சத்து சூட்டில் சிவந்து, அந்த ஓட்டுக்கு அதன் நிறத்தைத் தந்தது. இந்த மண் இல்லாவிடில் அல்சாஸின் அச்சு மட்டும் இங்கே பெரிதாகப் பயன்பட்டிருக்காது.

வீட்டுக்காரரைக் கவர்ந்தது கூரையின் கணக்கு. சரிவாக இறங்கும் கைமரங்களின் மேல் குறுக்கே அறையும் மெல்லிய ரீப்பர் சட்டங்களில் ஓடு தன் கொக்கியால் தொங்குவதால், ஒரே அடுக்கு போதும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடுகளே தேவைப்பட்டதால் மரச்செலவும் குறைந்தது. கடல்வழியே இலங்கைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இவ்வோடுகள் சென்றன. ஆயினும் ஆலை ஓடு பரவிய ஊர்களில் திரிகையில் ஓடு வனைந்த குயவரின் தொழில் சுருங்கியதை இவ்வெற்றியோடு சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

முதல் உலகப் போரில் பாசல் மிஷனின் ஆலைகள் பகைநாட்டுச் சொத்தாகக் கருதப்பட்டு ஆங்கிலேய அரசின் பிடிக்குள் சென்று, பின்னர் காமன்வெல்த் டிரஸ்ட் நிறுவனத்திடம் சேர்ந்தன. அதற்குள் உள்ளூர் முதலாளிகளின் ஆலைகளும் அதே ஆற்றங்கரைகளில் எழுந்து, தத்தம் பெயரை ஓட்டில் அச்சிட்டு விற்கத் தொடங்கியிருந்தன.