விருந்து மேஜையில் ஆசிரியன்

1938இல் அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. கிளீன்த் புரூக்ஸும் ராபர்ட் பென் வாரனும் சேர்ந்து 'அண்டர்ஸ்டாண்டிங் போயட்ரி' என்ற பாடப்புத்தகத்தை வெளியிட்டார்கள். கவிஞனின் வாழ்க்கையையும் காலத்தையும் ஓரமாக வைத்துவிட்டுக் கவிதையைக் கவிதையாகவே படிக்க வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்தகம். அதே வருஷம் நியூயார்க்கில் 'ஹெரால்ட் டிரிப்யூன்' பத்திரிகை, புத்தக வியாபாரிகளின் சங்கத்தோடு சேர்ந்து, 'புத்தகமும் ஆசிரியரும்' என்ற பெயரில் மதிய விருந்துகளைத் தொடங்கியது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் சாப்பிட்டு முடித்ததும், புதிதாகப் புத்தகம் வெளியிட்டிருக்கும் எழுத்தாளர்கள் எழுந்து அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். வகுப்பறையிலிருந்து ஆசிரியனை வெளியேற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஓட்டலில் அவனுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விருந்துகளை நடத்தியவர் அந்தப் பத்திரிகையின் புத்தகப் பகுதிக்கு 1926 முதல் 1963 வரை ஆசிரியராக இருந்த ஐரிட்டா வான் டோரன். லண்டனில் கிறிஸ்டினா ஃபாயில் 1930லேயே இம்மாதிரி விருந்துகளைத் தொடங்கிவிட்டார் என்பதால், யோசனை புதிதல்ல. நியூயார்க் விஷயத்தில் கவனிக்க வேண்டியது ரேடியோ. 1924இல் தொடங்கிய டபிள்யூ.என்.ஒய்.சி. என்ற நிலையம் அந்நாட்களில் நகராட்சியின் சொத்து. விளம்பரம் கிடையாது. வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலின் கூடத்தில் சில நூறு பேர் கேட்ட பேச்சை அது ஊர் முழுவதற்கும் கொண்டுபோயிற்று. பதிவுகளில் பல இன்றும் அதன் ஆவணக் காப்பகத்தில் கேட்கக் கிடைக்கின்றன. கவுண்டரை மூடிவிட்டு ஊர் திரும்பும் பஸ்ஸில் சென்ற சில மாதங்களாக நான் கேட்டு வருபவை இவைதாம்.

கேட்கத் தொடங்கியது நல்லெண்ணத்தால் அல்ல. ஆறேழு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில், எழுத்தாளன் தன் எழுத்தைப் பற்றிப் பேசுவது எழுத்துக்குச் செய்யும் துரோகம் என்று எழுதியிருந்தேன். அதற்குக் காரணம் ஒரு கூட்டம். நண்பர் ஒருவர் தம் கவிதை எந்தச் சாவிலிருந்து பிறந்தது என்று அங்கே விளக்கினார். பத்துப் பதினைந்து அர்த்தங்களோடு என்னிடம் இருந்த கவிதை அன்று மாலை ஒரே அர்த்தத்தோடு சுருங்கிப்போயிற்று. என் கட்டுரை வந்தபின் நண்பர் எனக்குக் கவிதைகள் அனுப்புவதை நிறுத்திவிட்டார். என் கட்சிக்கு இன்னும் கொஞ்சம் சாட்சி சேர்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவுகளிடம் போனேன்.

சாட்சி நிறையவே கிடைத்தது. விருந்துப் பேச்சு ஒரு தனி இலக்கிய வகை என்றே சொல்லிவிடலாம். புத்தகத்தை யாரும் இன்னும் படிக்கவில்லை என்ற அனுமானத்தில் அது நடக்கிறது. எனவே புத்தகத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது; புத்தகம் எழுதிய கதையைத்தான் பேச முடியும். எப்படி யோசனை வந்தது, எத்தனை வருஷம் பிடித்தது, வீட்டில் என்ன சொன்னார்கள். நடுநடுவே சிரிப்பு. ஒருவர் உட்கார்ந்ததும் அடுத்தவர். ஒரே மேடையில் நாவலாசிரியனும் பிரயாண நூல்காரரும் சுயசரிதை எழுதிய பிரமுகரும் வரும்போது, அவர்களுக்குப் பொதுவாக இருப்பது தொழில் ஒன்றுதான், மொழி அல்ல. மொழியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. புத்தகம் விற்க வேண்டும், கூட்டத்தின் நோக்கமே அதுதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்பேச்சுக்குப் பழகிய காது, புத்தகத்தைத் திறக்கும்போதும் அதனுள் ஆசிரியனின் குரலையே தேடும்.

இந்த அபாயத்தை அக்காலத்து விமர்சகர்கள் உணராமலில்லை. விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் 'ஸெவானி ரெவ்யூ'வில் எழுதிய கட்டுரை, ஆசிரியனின் நோக்கம் படைப்பை அளக்கும் கோலாகாது என்று வாதிட்டது. பி.ஏ. வகுப்பில் நாங்கள் அதை வேதமாகப் படித்தோம். ஆசிரியனிடம் போய்க் கேட்டுத் தீர்க்கக்கூடிய விஷயமல்ல கவிதை என்பது அதன் சாரம். வால்டார்ஃபில் கூடியவர்களோ அவனிடம் கேட்பதற்காகவே பணம் கொடுத்து வந்தவர்கள். கவிதையில் கவிஞனின் ஆளுமை கரைந்துபோக வேண்டும் என்று 1919லேயே சொன்ன எலியட், 1956இல் மினசோட்டாவில் விமர்சனத்தைப் பற்றிப் பேச நின்றபோது விளையாட்டு அரங்கமே தேவைப்பட்டது. ஏறத்தாழ 14,000 பேர். ஆளுமையைக் கரைக்கச் சொன்ன ஆளைப் பார்க்க வந்த கூட்டம்.

இவ்வளவும் என் கட்சிக்குச் சாதகம். 1951 அக்டோபரில் நடந்த ஒரு விருந்துதான் என்னைத் தடுக்கிவிட்டது.

அன்று பேசியவர்களில் ஒருவர் ரேச்சல் கார்சன். கடலைப் பற்றிய அவருடைய 'தி ஸீ அரௌண்ட் அஸ்' அந்த ஜூலையில்தான் வெளிவந்திருந்தது. அவர் அப்போது மீன், வனவிலங்கு இலாகாவில் அரசாங்க உத்தியோகஸ்தர். பகலில் இலாகாவின் பிரசுரங்களைத் திருத்திவிட்டு இரவில் தம் புத்தகத்தை எழுதியவர். (இந்த வரியை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது.) 1941 நவம்பரில் வந்த முதல் புத்தகம், அடுத்த மாதமே அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதால், கவனிப்பாரில்லாமல் போயிற்று. அதற்கும் முன்னால், 1935இல், அவருக்கு அந்த இலாகாவில் கிடைத்த முதல் வேலையே ரேடியோவுக்கு எழுதுவதுதான்: கடல்வாழ் உயிர்களைப் பற்றி, ஏழு ஏழு நிமிஷத்தில், 52 நிகழ்ச்சிகள். மேடையென்றால் கூசும் சுபாவம் அவருக்கு. ஆனால் காதுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்.

விருந்தில் அவர் கொஞ்சம் வழக்கமான பேச்சும் பேசினார். கடலைப் பற்றி எழுதியது ஒரு பெண் என்று அறிந்து வாசகர்கள் வியப்பதை வேடிக்கையாகச் சொன்னார். ஆனால் கையோடு கடலின் ஒலிப்பதிவு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். யுத்தத்தின்போது நீர்மூழ்கிகளைத் தேடி நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கியவர்கள், மௌனம் என்று நினைத்திருந்த இடத்தில் பெரும் இரைச்சலைக் கேட்டார்கள். ஒருவகை இறால் கொடுக்கைச் சொடுக்கும் ஓசையே ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் காய்ந்த சுள்ளி எரிவதுபோல் சடசடக்கும். இறால், மீன், திமிங்கலம் ஆகியவற்றின் இத்தகைய ஒலிகளைத்தான் விருந்துக் கூடத்தில் அவர் ஒலிக்கவிட்டார். ஆசிரியனின் குரலைக் கேட்க வந்தவர்களுக்குக் கடலின் குரல் கிடைத்தது.

அந்தப் பேச்சை நான் கேட்டதில்லை. 1998இல் வந்த 'லாஸ்ட் வுட்ஸ்' என்ற தொகுப்பில் படித்தேன். ஒலி வரவேண்டிய இடத்தில் அச்சுக்கு ஒன்றும் செய்ய முடிவதில்லை. எனக்கு உறைத்தது அங்கேதான். பிரதி தன்னளவில் பூரணமானது என்று சொல்லி வளர்ந்தவன், ஒரு பிரதியின் நடுவில் பள்ளத்தைக் கண்டேன்.

ஆசிரியன் பேசலாமா கூடாதா என்று நான் கேட்டதே தவறு என்று இப்போது தோன்றுகிறது. பேசும்போது எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தன்னைக் காட்டினால் புத்தகம் குறுகுகிறது. தன்னை எழுத வைத்ததைக் காட்டினால் அது விரிகிறது. நோக்கம் அளவுகோலாகாது என்ற வாதத்தை இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோக்கம் வேறு, சாட்சியம் வேறு. 1962இல் 'சைலண்ட் ஸ்பிரிங்' வந்ததும் பூச்சிமருந்துத் தொழில்காரர்கள் கார்சன்மேல் பாய்ந்தார்கள். புற்றுநோயோடு 1963இல் அவர் தொலைக்காட்சியில் பேசினார். ஜூன் மாதம் செனட் துணைக்குழுவின் முன் உட்கார்ந்து பேசினார். அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார். எழுத்து தனக்காகத் தானே பேசிக்கொள்ளும் என்று அவரிடம் போய்ச் சொல்ல எந்த விமர்சகனுக்கு வாய் வரும்?

'ஹெரால்ட் டிரிப்யூன்' 1966இல் நின்றது. அதே வருஷம் வான் டோரனும் காலமானார். அக்கால ரேடியோ நிலையங்கள் ஒலியைப் பதித்த தகடுகள் அலுமினியத்தின் மேல் அரக்குப்போல ஒரு பூச்சுப் பூசியவை. வருஷம் ஆக ஆகப் பூச்சு செதில் செதிலாக உரியும். உரிந்த இடத்தில் குரல் இல்லை.

நண்பரின் அந்தக் கவிதையைச் சென்ற வாரம் எடுத்துப் படித்தேன். அன்று கூட்டத்தில் அவர் பேசியது தம்மைப் பற்றியா, செத்துப்போனவரைப் பற்றியா என்று யோசித்துப் பார்த்தேன். செத்துப்போனவரின் பெயரை அவர் இரண்டு முறை சொன்னது ஞாபகம் வந்தது. அது யார் என்று நான் கேட்கவேயில்லை. அவருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.