பொய்ப் புகாருக்கு எதிரான சட்டக் காப்பு (இந்தியா)
மனைவியைக் கணவரோ அவரது உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு, 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இன்று அது, அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள்.

இப்பிரிவின்கீழ் புகார் வந்ததுமே மாமியார், நாத்தனார் வரை கைதாவதற்கு 2014-இல் கடிவாளம் விழுந்தது. கைதுக்கான காரணத்தைக் காவலர் எழுத்தில் பதிய வேண்டும், மாஜிஸ்திரேட் அதைப் பரிசீலிக்காமல் காவலில் வைக்கக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவர் முன்ஜாமீன் கோரலாம். வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பவர்மீது சன்ஹிதாவின் 217, 248 பிரிவுகள் பாயும். ஆனால் குற்றம் நிரூபணமாகாததாலேயே புகார் பொய்யாகிவிடாது; பொய்யென்று அறிந்தே கொடுத்தார் என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும்.