கிணற்றுக்கு மேலே பாதிக் கூடு

நாகரசம்பட்டியில் எங்கள் கிணற்றுமேட்டு ஈச்சமரத்தில், ஆடி பிறந்தால் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். முடித்த கூடுகளுக்கு நடுவே, குழாய் வாசல் இல்லாமல் மணிபோல் பாதிக் கூடுகளும் தொங்கும். "அது ஆண்குருவி ஊஞ்சலாட" என்பார் தாத்தா. மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த மனிதர். மாடு முன்னும் பின்னும் நடக்க, அவர் கண் அந்த மரத்திலேயே இருக்கும்.

தமிழர் இந்தக் கூட்டைக் கவனித்தது நேற்றல்ல. குறுந்தொகை 374ஆம் பாட்டில் உறையூர்ப் பல்காயனார், பனையில் தொங்கும் இந்தக் கூட்டின் சிக்கலைவிட ஓர் ஊரின் மயக்கம் பெரிது என்கிறார். விவேக சிந்தாமணியிலோ, மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லிக் கூட்டையே இழக்கிறது குருவி. பின்னலையும் கண்டோம், நீதியும் எடுத்தோம். பாதிக் கூடு மட்டும் ஊஞ்சலாகவே நின்றுவிட்டது.

1930இல், வேலையில்லாமல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் இருந்த பறவையியலாளர் சாலிம் அலி, ஒரு பருவம் முழுக்க மறைவில் உட்கார்ந்து இந்தக் கூடுகளைப் பார்த்தார். நெய்வது ஆண் மட்டுமே. மணி உருவம் வந்ததும் பெட்டைகள் வந்து உள்ளே புகுந்து சோதிக்கின்றன. ஒருத்திக்குப் பிடித்தால்தான் ஆண் குழாயை நெய்து முடிக்கும். அவள் தனியாக அடைகாக்கும்போதே அது பக்கத்தில் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும், அங்கே இன்னொருத்தி. யாரும் ஏற்காத கூடுதான் பாதியில் தொங்குவது! பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இதை அவர் எழுதினார். கூலியில்லாமல் செய்த அந்த வேலையை நான் அவருடைய பெரிய நூல்களுக்குச் சமமாக வைப்பேன்.

தாத்தா வேறொன்றைச் சரியாகக் கண்டிருந்தார். கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம் தொங்கும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். பின்னாளில் ஆய்வாளர்களும் இதையே பதிந்தார்கள். தண்ணீருக்கு மேல் சாய்ந்த கிளை என்றால் பாம்பும் எளிதில் எட்டாது.

கவலை போய் மோட்டார் வந்தது, மோட்டாரும் போய் போர்வெல் வந்தது. வற்றிய கிணறுகளைத் தூர்க்கிறார்கள். மேட்டு மரமும் கூடவே போகிறது. எங்கள் கிணற்றுக்கும் பேச்சு வந்தபோது, கார்த்திகைக்குப் பிறகு மண் கொட்டுங்கள் என்று பங்காளிகளிடம் கேட்டிருக்கிறேன். அதற்குள் குஞ்சுகள் பறந்திருக்கும். மரத்தை விட்டுவிடச் சொல்லிப் பேச எனக்கும் நாள் கிடைக்கும்.